நாலு புள்ளி ஏழு

டிப்போவின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது ஓட்டுநர்களுக்கு முன்னால் எழுந்து நிற்கச் சொன்னபோது, அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முப்பது வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கை. சும்மா தொங்கவிட்டால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வருஷாந்திர உடல் பரிசோதனைக்கு எல்லோரும் ரத்தம் கொடுத்து முடித்திருந்தார்கள். நிர்வாகத்திலிருந்து வந்தவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"இவரைப் பாருங்க. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி நூத்திப் பன்னெண்டு கிலோ. இன்னைக்கு எண்பத்தி ஒன்பது. மனசு வச்சா முடியும்ங்கறதுக்கு இவர்தான் சாட்சி."

"அப்போ இனிமே பெரிய வண்டின்னு கூப்பிடக் கூடாதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது. குரல் விசிலுடையது. ஒன்பது வருஷமாக அவருடைய பஸ்ஸில் கண்டக்டர். வாயில் விசில் இல்லாத நேரத்திலும் உதட்டைக் குவித்தே வைத்திருப்பதால் வந்த பெயர். பெரிய வண்டி என்ற பெயரை அவருக்கு வைத்ததும் அவன்தான். இருபத்து மூன்று கிலோ போன பிறகும் பெயர் போகவில்லை.

பெரிய வண்டி லேசாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். மனசு வைத்து இளைத்தேன் என்று அவர் எங்கும் சொன்னதில்லை. பயந்துதான் இளைத்தார். ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய பரிசோதனையில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மூன்று மாதத்தில் குறையவில்லை என்றால் வண்டியைத் தொடக் கூடாது, ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் கட்டுகளை அடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வாயைக் கட்டினார். முதல் ஷிப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நடந்தார். கால் வலித்தது, முட்டி வலித்தது, சலித்தும் போனது. சலிப்போடேயே நடந்தார். மனைவி வீட்டில் தையல் வேலை செய்பவள். துணியை அளக்கிற அதே கண்டிப்போடு அவர் தட்டில் சோற்றை அளந்தாள். தனக்கும் அதையே போட்டுக்கொண்டாள். "ரெண்டு சமையல் ஆக்க எனக்குத் தெம்பில்ல" என்பாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவருடைய காக்கிப் பேண்ட்டுகளைப் பிரித்து இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். வெட்டி எறியாமல் உபரித் துணியை உள்ளேயே மடித்து வைத்தாள். அவளுக்கு எதையும் வெட்டி எறிந்து பழக்கமில்லை.

நாலு நாள் கழித்து அறிக்கை வந்தது. டைம் கீப்பர் ஜன்னல் வழியாக உறையை நீட்டினார். அவர் அதை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே பிரித்தார். சர்க்கரை நன்றாக இருந்தது. கொழுப்பு நன்றாக இருந்தது. கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் ஒழுங்கு. கடைசிக்கு முந்தின வரியில் மட்டும் எழுத்து தடித்திருந்தது. பி.எஸ்.ஏ. நாலு புள்ளி ஏழு. பக்கத்தில், மருத்துவரைப் பார்க்கவும்.

ப்ராஸ்டேட் சுரப்பிக்கான சோதனை அது என்பது அவருக்குத் தெரியும். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கெல்லாம் டிப்போவில் எடுப்பார்கள். பழைய அறிக்கைகளை அவர் ஒரு பிளாஸ்டிக் உறையில் சேர்த்து வைத்திருந்தார். இரண்டு புள்ளி மூன்று, இரண்டு புள்ளி ஐந்து, இரண்டு புள்ளி நான்கு. குண்டாக, மூச்சு வாங்கிக்கொண்டு, சர்க்கரையை ஏற்றிக்கொண்டு திரிந்த வருஷமெல்லாம் அது வாயே திறக்கவில்லை. இளைத்து, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிய வருஷத்தில் தலையைத் தூக்குகிறது. விசில் இரண்டு தடவை ஊதிய பிறகுதான் அவர் கியரைப் போட்டார்.

மருத்துவமனை அவருடைய வழித்தடத்திலேயே இருந்தது, பதினோராவது நிறுத்தம். டாக்டர், அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். முன்னால் உட்காருகிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. பழைய அறிக்கைகளையும் வரிசையாகப் பரப்பினாள். எடையை விசாரித்தாள். எப்போதிலிருந்து குறைந்தது, எப்படிக் குறைத்தார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். பரிசோதித்தும் பார்த்தாள்.

"கைக்கு எதுவும் தட்டுப்படல. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். இத வச்சு புத்துநோய்னு யாரும் சொல்ல முடியாது. வயசானா ஏறும், வீக்கம் இருந்தா ஏறும், கிருமி இருந்தாலும் ஏறும்."

"முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நல்லா இருந்துச்சா, நல்லா இருந்த மாதிரி காட்டுச்சாங்கறதுதான் கேள்வி. ஒரு ஸ்பூன் சர்க்கரைய ஒரு டம்ளர் தண்ணில போட்டா இனிக்கும். அதையே ஒரு குடத்துல போட்டா? உடம்பு பெருசா இருந்தா ஓடுற ரத்தமும் ஜாஸ்தி. அந்தச் சுரப்பி விடறது அதே அளவா இருந்தாலும் கரைஞ்சு போய் கம்மியா காட்டும். குண்டா இருக்கறவங்களுக்கு ஹார்மோனும் கொஞ்சம் இறங்கியிருக்கும், சர்க்கரை வியாதியும் சேர்ந்துக்கும். எல்லாமா சேர்ந்து நம்பரை அமுக்கி வச்சிருக்கலாம்."

"அப்போ நான் இளைக்காம இருந்திருந்தா?"

"இன்னமும் கம்மியாவே காட்டியிருக்கலாம். அது நமக்கு நல்லதில்லையே."

பின்பாதி அவர் காதில் ஏறவில்லை. ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கலாம், அப்போதும் இப்படியே இருந்தால் ஸ்கேன் என்றாள். எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு சைக்கிள் ஓட்டக் கூடாது, மனைவியோடு சேர்ந்திருக்கக் கூடாது, நம்பர் ஏறிவிடும் என்றாள். "ரெண்டு ஷிப்டு ஓட்டிட்டு வந்தா செருப்பக் கழட்டவே தெம்பு இருக்கறதில்ல டாக்டர்" என்றார் அவர். அவள் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "ரிப்போர்ட் வந்துச்சா?"

"வந்துச்சு. எல்லாம் நார்மல்."

"சர்க்கரை?"

"அதுவும்."

அவள் தலையாட்டிவிட்டு மிதியை அழுத்தினாள். எல்லாம் நார்மல் என்றதும் அவள் தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தார். அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் செருகி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

சாவதைப் பற்றி அவர் அவ்வளவாக நினைக்கவில்லை. டிப்போவில் அவருக்குச் சீனியர் ஒருவர் இருந்தார். அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் திரும்பி வந்து வண்டி ஓட்டிய மூன்று மாதமும், சிறுநீர் அடங்காததால், சீட்டில் பிளாஸ்டிக் விரித்து அதன்மேல் துண்டு போட்டுத்தான் உட்கார்ந்தார். ஒவ்வொரு ட்ரிப்பும் முடிந்ததும் கடைசி ஆளும் இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டார். பிறகு ஒருநாள் வரவில்லை. அந்த நோய்க்கு இப்போது எத்தனையோ வழி இருக்கலாம், எல்லோருக்கும் அப்படி ஆகாமலும் இருக்கலாம். ஆனால் பெரிய வண்டி ஓட்டுநர் சீட்டில் ஏறும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் கண்ணில் நின்றது. சக்கரத்தை விட்டுவிடக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடும். ஒரு காகிதம் பிடுங்கிக்கொண்டு போவதா என்று இருந்தது.

இப்படியாக, ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசி நிறுத்தத்துக்கு எதிரிலிருந்த பேக்கரியில் அவர் முதல் பன்னை வாங்கினார். கணக்கு எளிமையானது. இளைத்ததால் ஏறியது. ஏறினால் இறங்கும். ஆறு வாரம் இருக்கிறது. வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரை தூவிய பன். ஒன்றரை வருஷம் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர். சொர்க்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். வாயில் வைத்தால் திகட்டியது. நாக்கு பழைய நாக்கு இல்லை. இருந்தாலும் தேநீரில் முக்கி விழுங்கினார். பிறகு இன்னொன்று. முன்பு எப்படி அலுத்துக்கொண்டே நடந்தாரோ அப்படியே இப்போது அலுத்துக்கொண்டே தின்றார். காலை ட்ரிப்புக்கு இரண்டு, மதியத்துக்கு இரண்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட தேநீர். முதல் ஷிப்டுக்கு முன்னால் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, டிப்போவில் நிறுத்தியிருந்த பஸ்ஸில் ஏறி நீளச் சீட்டில் படுத்துக்கொண்டார். இரண்டாவது வாரமே மதியத்துக்கு மேல் கண் இழுக்க ஆரம்பித்தது. தாகம் எடுத்தது. ட்ரிப் நடுவில் அடிவயிறு முட்டியது. எல்லாம் பழைய விருந்தாளிகள், வழி தெரிந்து வந்தன.

விசில் ஒரு வாரம் பேசாமல் பார்த்தான். எட்டாவது நாள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"என்னண்ணே, விரதம் முடிஞ்சுதா?"

"பசிக்குது."

"பசிக்கிறவன் முகம் இப்படி இருக்காதுண்ணே. கஷாயம் குடிக்கிற மாதிரில்ல தின்னுறீங்க."

விசில் உதட்டைக் குவித்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்சமிருந்த அரைப் பன்னை எடுத்துத் தான் தின்றான். அன்றிலிருந்து அவர் இரண்டு வாங்கினால் ஒன்றை அவன் எடுத்துக்கொண்டான். அவரும் அவனை ஏய்க்க மூன்று வாங்கினார்.

ஐந்தாவது வாரம் மனைவி கண்டுபிடித்தாள். துவைத்த பேண்ட்டை மடிக்கும்போது இடுப்புக் கொக்கி வளைந்திருப்பதைப் பார்த்தாள். தையலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் நூல் இழுபட்டு ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. அவர் பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, துண்டு, பேக்கரியின் காகிதப் பை. அதில் ஒரு பன். மதியம் தின்ன முடியாமல் மிச்சம் வைத்தது.

அவர் குளித்துவிட்டு வந்தபோது மூன்றும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன நாளா?"

"ஒரு மாசம். கூடவே இருக்கும்."

"தின்னணும்னு ஆசையா இருந்தா சொல்லிட்டுத் தின்னிருக்கலாமே. நானும் அந்த உப்புசப்பில்லாததத்தானே தின்னுட்டு இருந்தேன். எனக்கு மட்டும் நாக்கு இல்லையா?" அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆசையில்லம்மா."

"பின்ன?"

அவர் உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். தடித்த எழுத்து வரியை விரலால் காட்டினார். டாக்டர் சொன்ன டம்ளரையும் குடத்தையும் சொன்னார். துண்டு விரித்து உட்கார்ந்த சீனியரையும் சொன்னார். பன்னுக்குப் பின்னாலிருந்த கணக்கைச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமானது என்று அவருக்கே கேட்டது. சொல்லி முடித்து ஈரத் தலையோடு நின்றார்.

அவள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ நான் அளந்து அளந்து போட்டப்பல்லாம் அது உள்ளயே இருந்துச்சா?"

"இருக்கான்னே தெரியாதும்மா. இருக்கலாம்னுதான் சொல்றாங்க."

"பேப்பர ஏமாத்தலாம்ங்க. உள்ள இருக்கறத ஏமாத்த முடியுமா? அது பன்னா கேக்குது?"

அவள் காகிதப் பையைப் பிரித்தாள். தூக்கி எறியப் போகிறாள் என்று நினைத்தார். அவள் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அவசரப்படாமல், கடைசித் துணுக்குவரை தின்றாள். விரலில் ஒட்டிய சர்க்கரையைப் புடவையில் துடைத்தாள். பிறகு பேண்ட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, உள்ளே மடித்து வைத்திருந்த உபரித் துணியை ஒரு விரல் அளவுக்குப் பிரிக்க ஆரம்பித்தாள். "நாளைக்கு ஷிப்டு இருக்கில்ல" என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு பேருமாகப் போனார்கள். ரத்தம் கொடுத்து இரண்டு நாள் கழித்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். நாலு புள்ளி இரண்டு. இறங்கியிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்குள் ஏதோ துள்ளியது. ஜெயித்துவிட்டேன் என்று மனைவியைப் பார்த்தார். அவள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடை தொண்ணூத்தி நாலு போட்டிருக்கே. அஞ்சு கிலோ. சர்க்கரையும் ஏறியிருக்கு" என்றாள் டாக்டர். "என்ன ஆச்சு சார்?"

"பன் தின்னாருங்க" என்றாள் மனைவி. "ஒடம்பு ஏறினா நம்பர் இறங்கும்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாத்திரை சாப்பிடாம ஏமாத்தறவங்களப் பார்த்திருக்கேன் சார். இப்படி ஒருத்தரை இப்பத்தான் பாக்கறேன்." அவள் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "பன்னாலதான் இறங்குச்சுன்னும் சொல்ல முடியாது. இந்த நம்பர் தானாவே கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனா இப்போ எத நம்பறதுன்னு எனக்கும் தெரியாம போச்சு பாருங்க. நம்பரை விட்டுடலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் மாதிரி ஒரு மிஷினுக்குள் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தார். பழுதான டீசல் இன்ஜின் மாதிரி அது அடித்துக்கொண்டது. எந்த சிலிண்டரில் கோளாறு என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்ததில் கொஞ்சம் தூங்கிக்கூடப் போனார். படத்தில் ஒரு மூலையில் சின்ன நிழல் தெரிந்தது. பயறு அளவு. டாக்டர் அதைப் பேனா நுனியால் தொட்டுக் காட்டினாள். சதையை எடுத்துச் சோதித்தால்தான் நிச்சயமாகத் தெரியும் என்றாள்.

"நீங்க இளைக்காம இருந்திருந்தா இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்கு நான் உங்களப் பார்த்திருக்கவே மாட்டேன் சார். அத மட்டும் நினைச்சுக்கங்க" என்றாள்.

அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெளியே வந்து மருத்துவமனை வாசல் படியில் உட்கார்ந்தார்கள். அவள்தான் பேசினாள். "நல்லதுக்குச் செஞ்சோமா கெட்டதுக்குச் செஞ்சோமான்னே புரியல." பிறகு, "நாளைக்குக் காலைல நடக்கப் போவீங்கல்ல?" என்றாள். "போறேன்" என்றார். "நானும் வர்றேன். பஸ்ஸுல போய் தூங்கறதுக்கு இல்ல." விசில் எப்போது இவளிடம் அதைச் சொன்னான் என்று அவர் கேட்கவில்லை.

சதையை எடுத்தார்கள். பன்னிரண்டு ஊசி என்று எண்ணினார். மூன்று நாள் சிறுநீரில் ரத்தம் வந்தது, நான்காம் நாள் நின்றது. ஒரு வாரம் விடுப்பு. எட்டாம் நாள் வண்டி எடுத்தார். காலையில் அவரும் அவளும் நடந்தார்கள். அவளுக்குக் கால் வீங்கும். அதனால் பாதி வழியில் பூங்காவின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து திரும்பி வந்தார்கள். பேண்ட்டை அவள் மறுபடி பிடித்துத் தைக்கவில்லை. இருக்கட்டும், அவசரமில்லை என்றாள்.

முடிவு வருகிற நாள் ஒரு வியாழக்கிழமை. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். பதினோராவது நிறுத்தத்தில் வேறு ஓட்டுநர் ஏறி வண்டியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மனைவி ஆறாவது நிறுத்தத்தில் ஏறினாள். இத்தனை வருஷத்தில் அவள் அவர் பஸ்ஸில் ஏறியது மூன்றோ நாலோ தடவைதான். முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் முகம் பாதி தெரிந்தது. விசில் அவளிடம் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, வழக்கமான நக்கல் எதுவும் பேசாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். அன்றைக்கு அவர் எந்தப் பள்ளத்திலும் சக்கரத்தை இறக்கவில்லை.

பதினோராவது நிறுத்தத்தில் மாற்று ஓட்டுநர் காத்திருந்தார். பெரிய வண்டி மனைவியோடு இறங்கிச் சாவியைக் கொடுத்தார். "பிரேக்கு கொஞ்சம் லேட்டா பிடிக்கும், பார்த்துக்க" என்றார். விசில் படியில் நின்று, "அண்ணே" என்று கூப்பிட்டான். அவர் திரும்பினார். "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்றுவிட்டு ஊதினான். பஸ் போயிற்று.

மருத்துவமனை சாலைக்கு அந்தப் பக்கம். இந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போய் வந்திருக்கிறார். ஆனால் நடந்து கடப்பதென்றால் அவருக்குச் சரிவரவில்லை. மேலே உட்கார்ந்து பார்க்கும்போது இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. லாரி, கார், இரண்டு சக்கர வண்டிகள், ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று வந்துகொண்டே இருந்தன. வெள்ளைக் கோடு போட்டிருந்த இடத்தில் ஒரு கால் வைத்தார், பின்னுக்கு எடுத்தார். மறுபடி வைத்தார். அவள் அவருடைய முழங்கைக்கு மேலே சட்டைத் துணியைப் பிடித்துக்கொண்டாள். மணி மூன்றாக ஏழு நிமிஷம் இருந்தது.

அப்போது வலப்பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. வேறு டிப்போ, வேறு வழித்தடம், தெரியாத ஓட்டுநர், சின்ன வயது. கோட்டுக்கு ஐந்தடி முன்னால் வண்டியை நிறுத்தினான். பின்னால் நின்றுவிட்ட வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அவன் அதைக் காதில் வாங்காமல், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, விரல்களை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தான், போங்க, போங்க என்று. ஆயிரக்கணக்கான பேருக்கு அவர் அதே கையைக் காட்டியிருக்கிறார். கீழே நின்று அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் இறங்கிக் கடக்க ஆரம்பித்தார்கள்.